ஹீற்றருக்கு மேலே தொங்கிய ஜக்கெற்

"...கழட்டினா அவ வரமாட்டா எண்டு நான் சொல்லேல்லை, அக்கா. கழட்டினா, நான் நம்பிறதை விட்டிட்டன் எண்டு அவவுக்குத் தெரிஞ்சிடும். அவ்வளவுதான். இதை இந்த மனிசிக்கு எப்பிடிச் சொல்லுவியளோ, சொல்லுங்கோ."

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் கழிந்த நேரம். இலங்கையிலிருந்து அகதியாக வந்த எங்கள் பெடியள் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். இதைச் சொன்ன தம்பி, நான் வேலை செய்த பின்னல் ஆலையில் துணி வெட்டும் பகுதியில் இருந்தவர். அவருக்கு எதிரே, பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் ஆலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த கணித ஆய்வாளர், உயரமான ஒரு டெனிஷ் பெண். இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்க்க நான். சுவரோரம், ஹீற்றருக்கு மேலே அடித்திருந்த கொழுக்கியில், பெண்கள் போடும் கருநீலக் குளிர்கால ஜக்கெற் ஒன்று தொங்கியது. தம்பி கழட்டமாட்டேன் என்றது அதைத்தான்.

நான் உடனே வாய் திறக்கவில்லை. யாராவது மனதில் தைக்கிற மாதிரி ஒன்றைச் சொன்னால் அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருப்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். படிப்பு எனக்கு அவ்வளவு இல்லை. டெனிஷ் மொழியை வகுப்பில் படித்ததைவிடப் பொதி கட்டும் மேசையில் பொறுக்கியதுதான் கூட. என் எதிரே நின்று பொதி கட்டிய வயதான டெனிஷ்காரி ஒருநாள், "இண்டைக்கு என்ரை முழங்கால் எனக்கு முன்னமே வீட்டை போட்டுது" என்றா. அந்த ஒரு வசனத்துக்காக நான் அந்த மொழியோடு சிநேகமாகிவிட்டேன். டெனிஷ்காரர் சொன்னதெல்லாம் எனக்கு இப்போது எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

கணித ஆய்வாளர் முதன்முதலாக ஆலைக்கு வந்த அன்று போர்மன் என்னைக் கூப்பிட்டார். "நீதான் எல்லாரோடையும் கதைக்கிறனி. இவ சொல்லுறதை உன்ரை ஆக்களுக்குச் சொல்லு." கன்ரீனில் எங்கள் பெடியள் ஒரு மேசையைச் சுற்றி இருந்தார்கள். அவர் மேசைத் துடைப்புத் தாளில் ஒரு வட்டம் கீறி, அதன் வாலில் ஒரு அம்புக்குறி போட்டார். தன்னுடைய ஆராய்ச்சிக்குப் பெயர் கட்டுப்பாட்டுக் கோட்பாடு என்றார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஒன்றை ஓடவிட்டு, அது எப்படி ஓடுகிறது என்று பார்த்து, பார்த்ததைத் திருப்பிக் கொண்டுவந்து, அதற்கு ஏற்றபடி அடுத்த திருப்பலைத் திருப்புவது. சைக்கிள் ஓடுகிறவர் சரிகிற பக்கத்தை உணர்ந்து கையைத் திருப்புகிறாரே, அதற்கு ஒரு கணிதம் உண்டாம். போனது திரும்பி வரவேண்டும். திரும்பி வராவிட்டால் விழுந்துவிடுவோம்.

அந்தக் கணிதத்தை அவர் வேலை நேரத்துக்குப் போட்டுப் பார்க்க வந்திருந்தார். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குவதற்கிடையில் பதினொரு மணித்தியால ஓய்வு கொடுக்கவேண்டும் என்று டென்மார்க்கில் சட்டம் இருந்தது. "சட்டம் எல்லாருக்கும் ஒரே அளவிலை தைச்ச சட்டை," என்றார் அவர். "அது வேணும். ஆனா அதுக்குள்ளை ஒவ்வொரு உடம்பும் எப்பிடி இருக்குது எண்டு சட்டத்துக்குத் தெரியாது. அதைக் கேட்டுக் கேட்டு வேலை நேரத்தை மாத்தலாமோ எண்டு பார்க்கிறன்."

கேட்பதற்கு ஒரு பெட்டி வைத்தார்கள். வந்துபோகும் நேரத்துக்குக் கார்ட் அடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சாம்பல் நிறம். ரேடியோவில் இருப்பது போல ஒரு குமிழ். இடது பக்கம் பச்சை, களைப்பில்லை. வலது பக்கம் சிவப்பு, நல்ல களைப்பு. வேலை முடிந்து போகும்போது கார்டைச் செருகிக் குமிழைத் திருப்பவேண்டும். அலுவலகத்தில் இருந்த கம்ப்யூட்டர் எல்லாருடைய திருப்பலையும் பார்த்து அடுத்த கிழமைக்கு வேலை நேரம் போடும். சிவப்புக்காரருக்கு ஓய்வு கூடும். பச்சைக்காரருக்கு, சட்டம் விட்ட எல்லை வரைக்கும், ஓவர்டைம் போகும்.

பொதி கட்டும் மேசைக்காரி குமிழைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு வரேக்கையே சிவப்புத்தான், போகேக்கை திருப்ப இடமிருக்காது" என்றா. டெனிஷ்காரர் எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் மேசையில் யாரும் சிரிக்கவில்லை. "அக்கா, அந்த வயர் எங்கை போகுது எண்டு பார்த்தனியளே?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒபிசுக்குத்தான் போகுது."

"ஒபிசுக்குப் போய்?"

"கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டருக்குப் போய்? டெலிபோன் வயர் போற ஓட்டைக்குள்ளாலைதான் இதுவும் போகுது. நான் கதிரையிலை ஏறிப் பார்த்தனான்."

மற்றொருவர் சொன்னார்: "அகதிக் காம்பிலை பொலிஸ் எங்களை விசாரிக்கேக்கையும் சொல்லுறதையெல்லாம் ஒரு பெட்டிக்குள்ளை ரைப் அடிச்சுக்கொண்டுதான் இருந்தவை. அது எங்கை போனதெண்டு ஆருக்குத் தெரியும்?"

அதைப் பகிடியாகத்தான் நான் எடுத்தேன். "சரி, உங்கடை களைப்பைக் கொப்பன்ஹேகனிலை ஆர் இருந்து பாக்கிறது? அவைக்கு வேறை வேலையில்லையே?" என்றேன்.

அப்போதுதான் இந்தத் தம்பி முதன்முறையாக வாய் திறந்தார். மெல்லிய குரல். "நீங்கள் வந்திட்டியள், அக்கா. உங்களுக்கென்ன."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். ஆனால் இத்தனை வருடம் கழித்தும், ஏதாவது கதவு எனக்குப் பின்னால் சாத்தும்போது அந்தக் குரல் கேட்கிறது.

விபரத்தைச் சொல்லவேண்டும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்பது டென்மார்க்கின் சட்டம். என் கணவர் விண்ணப்பம் போட்டார், நான் வந்தேன். அதற்குப் பிறகு விண்ணப்பம் போட்ட எங்கள் ஆக்களுக்குப் பதில் வரவில்லை. ஓம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. போன் எடுத்துக் கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். அந்தக் கடதாசிகளை அசையாமல் வைத்திருக்கும்படி மேலேயிருந்து சொல்லப்பட்டிருந்தது என்பதும், அது சட்டத்துக்கு விரோதம் என்பதும் பிறகுதான் வெளியே வந்தது. விசாரணை நடந்தது, கடைசியில் ஓர் அரசாங்கமே விழுந்தது. அந்தத் தம்பியின் மனைவியும் மகளும் பிறகு வந்து சேர்ந்தார்கள். வந்த புதிதில் மகள் அவரை "மாமா" என்று கூப்பிட்டாள் என்று கேள்வி.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அப்போது எங்களுக்கு வந்தது ஒரு சத்தமில்லாமை மட்டும். அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். வீடு மாறியதால்தான் என்றார் ஒருவர். விண்ணப்பத்துப் படத்தில் மனைவி சிரிக்காததால் என்றார் இன்னொருவர். இந்தத் தம்பி கண்டுபிடித்த காரணம், தன்னை எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. இவன் குடும்பம் வந்தால் தாங்குவானா, உழைக்கக்கூடியவனா, சோர்ந்து விழுகிறவனா என்று பார்க்கிறார்கள். பார்த்து முடிந்ததும் பதில் வரும்.

ஆகவே அவர் குமிழைப் பச்சைக்குத் திருப்பினார். ஒவ்வொரு நாளும், கடைசிவரை. மற்றப் பெடியளும் அப்படித்தான், ஆனால் அவர்கள் சில நாள் மறந்து அரைவாசியில் விட்டுவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. திருப்பிவிட்டு, அது திரும்பியதுதானா என்று இன்னொருமுறை தொட்டுப் பார்ப்பார். பெட்டி அதை நம்பி அவருக்கு மணித்தியாலங்களைக் கொடுத்தது. பின்னேர வேலை முடிந்து பதினொரு மணித்தியாலம் கழிந்த கையோடு அடுத்த வேலை. சனிக்கிழமை ஓவர்டைம். எல்லாம் சட்டத்துக்குள்ளே. பதில் வராத ஒவ்வொரு கிழமையும் அவர் இன்னும் விருப்பமாக வேலைக்கு வந்தார்.

ஆய்வாளர் ஒருநாள் என்னை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் கம்ப்யூட்டரில் கோடுகளைக் காட்டினார். ஆளுக்கு ஒரு கோடு, பெயர் இல்லை, கார்ட் இலக்கம் மட்டும். எல்லாருடைய கோடும் தையல் பிசகியது போல மேலும் கீழும் போனது. ஒன்று மட்டும் அடியில், மேசை விளிம்பு போல நேராகக் கிடந்தது.

"இது ஆர்?" என்று கேட்டார்.

இலக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. சொல்வதா வேண்டாமா என்று நின்றேன்.

அவர் கோட்டின் மேல் விரலை வைத்தார். "உயிருள்ளது எதுவும் இப்பிடி நேரா இருக்காது. இப்பிடிக் கோடு வந்தா, கருவி செத்துப்போச்சு எண்டுதான் நாங்கள் எழுதிறது."

செத்துப்போச்சு என்ற சொல்லை அவர் கருவிக்குத்தான் சொன்னார். எனக்குத் தம்பியின் முகம்தான் முன்னால் வந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் அவரது பெயரைச் சொல்லவில்லை. ஆளோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கதைத்தேன். "தம்பி, கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் என்ன குறைஞ்சு போகுது?" என்று கேட்டேன். "எனக்குக் களைப்பில்லை, அக்கா" என்றார். கண்ணுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்திருந்தது.

அதன் பிறகு நடந்ததை வெட்டு மேசையில் அவருக்குப் பக்கத்தில் வேலை செய்த டெனிஷ் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், துணி அடுக்கை அடுக்காக விரித்து, கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தாராம் தம்பி. ஓட்டிக்கொண்டே, யாருக்கோ வழி விடுவது போல இடுப்பை ஒதுக்கி, ஒரு அடி தள்ளி நின்றாராம். முகத்தைத் திருப்பி ஏதோ சொன்னாராம். கை மட்டும் கத்தியோடு போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் சட்டைக் கையைப் பிடித்து இழுத்ததால் விரல்கள் மிஞ்சின.

"அங்கை ஒருத்தருமில்லை," என்று அவள் என்னிடம் சொன்னாள். "ஆனா அந்த ஆள் ஒதுங்கின மாதிரியைப் பார்த்து, நானும் ஒதுங்கீட்டன்."

அதற்குப் பிறகு நான் ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயர், டெலிபோன் ஓட்டை, பதில் வராத விண்ணப்பம், எல்லாம். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "நான் பிழையான ஆளிட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறன். பெட்டியிட்டை இல்லை, அவரிட்டையே போய்க் கேக்கவேணும்" என்றார். போர்மனுக்குச் சொல்வதற்கு முன் தம்பியிடமே கேட்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம்.

கதவைத் திறந்தவர் வீட்டில் இருந்த இன்னொரு பெடியன். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் சால்வை. வெளியே போக நிற்கிறார் என்று நினைத்தேன். "இல்லையக்கா, வீட்டுக்குள்ளை இருக்கத்தான் இந்த உடுப்பு. வெளியிலை போகேக்கை கழட்டுறனாங்கள்," என்றார். "டென்மார்க் ஹீற்றருக்கும் எங்களைப் பிடிக்கேல்லைப் போலை கிடக்கு." தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விட்டார்.

முன்னறைக்குள் காலடி வைத்ததும், சுவரோரம் நின்ற பெண்ணுக்கு நான் தலையசைத்துவிட்டேன். "இருக்கிறியளோ, தங்கச்சி" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகுதான் அது ஜக்கெற் என்று தெரிந்தது. தோள் இரண்டும் நிறைந்து, கைகள் கீழே தொங்கி, பொத்தான் எல்லாம் பூட்டி. கழுத்துக்கு மேலே சுவர்.

"அவவின்ரை," என்றார் தம்பி. "மலிவுவிற்பனையிலை எடுத்தனான். வந்து இறங்கின உடனை போடவேணுமெல்லே. சூடா இருக்கட்டுமெண்டு அதிலை கொழுவி வைச்சிருக்கிறன்."

ஆய்வாளர் கட்டிலோரத்தில் இருந்தார். அவருடைய மூச்சு புகையாகத் தெரிந்தது. அவர் கண் தம்பியில் நிற்கவில்லை. ஜக்கெற்றின் கீழ் விளிம்பில் நின்றது. எழும்பிப் போய், அதைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தார். ஹீற்றரின் தலையில் இருக்கும் வெள்ளைத் திருகு அந்தத் துணிக்குள் முழுதாக மூடிக் கிடந்தது.

"இவரிட்டைச் சொல்லுங்கோ," என்றார் என்னிடம். "இந்தத் திருகுதான் அறை குளிருதா சூடா எண்டு பார்க்கிறது. ஆனா அதுக்கு அறை தெரியாது. தன்ரை தலையைச் சுத்தி இருக்கிறது மட்டும்தான் தெரியும். இந்த உடுப்புக்குள்ளை நல்ல சூடு. ஆனபடியா அறையும் சூடு எண்டு நினைச்சு, ஹீற்றருக்குள்ளை ஓடுற சுடுதண்ணியை நிப்பாட்டிப்போடுது. நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் நிப்பாட்டும்."

நான் சொன்னேன். குசினியிலிருந்து மற்றப் பெடியன், "அப்ப மாசக்கணக்கா நாங்கள் விறைச்சது இதாலையோ!" என்றார். அடுத்த நிமிடமே குரலைத் தாழ்த்தி, "பரவாயில்லை, மச்சான். கிடக்கட்டும். நாங்கள் தொப்பி போடுவம்" என்றார். அந்த வீட்டில் இத்தனை மாதமும் ஒருவரும் அந்த ஜக்கெற்றைத் தொடவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. வெறும் கொழுக்கிகள் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன.

ஆய்வாளர் குமிழைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தம்பி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டு மேசையிலை ஆருக்கு வழி விட்டனீர்?" என்று நான் கேட்டேன்.

"அவவுக்குத்தான்." கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "அவ அங்கை இல்லையெண்டு தெரியும், அக்கா. பைத்தியமில்லை எனக்கு. ஆனா வாற ஆளுக்கு ஒதுங்காமல் நிக்க ஏலாமல் கிடக்கு."

"களைப்பு, தம்பி."

"களைப்பெண்டு ஒருக்கா ஒத்துக்கொண்டா, பிறகு எல்லாத்தையும் ஒத்துக்கொள்ள வேணும்."

ஆய்வாளருக்கு இதை நான் சொன்னேன். அவர் ஜக்கெற்றைக் காட்டி, இதை மட்டும் அந்தக் கதவுக் கொழுக்கிக்கு மாற்றச் சம்மதமா என்று கேட்கச் சொன்னார். அது மட்டும்தான். கேட்டேன். அதற்குத்தான் தம்பி, முதலில் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, ஏதோ மெல்லத் தொடங்கி, இந்தக் கதையின் தொடக்கத்தில் நான் வைத்த வார்த்தைகளைச் சொன்னார். கழட்டினால் தான் நம்புவதை விட்டுவிட்டதாக அவவுக்குத் தெரிந்துவிடும் என்று.

வாய்க்குள் வைத்திருந்தது போதும் என்று ஆனபோது, நான் அதை டெனிஷில் சொன்னேன். குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

ஆய்வாளர் ஜக்கெற்றைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "அவருடைய மனைவி அங்கையிருந்து ஒரு ஆளை நினைச்சுக்கொண்டிருக்கிறா," என்றார். "களைக்காத ஒரு ஆள். அவர் எழுதிற கடிதத்திலையும் அவர் அப்பிடித்தான் இருப்பார். அந்த ஆள் உண்மையிலை இல்லை. அவ வரேக்கை, இங்கை ஆர் நிக்கப் போறது?"

இதையும் தமிழில் அப்படியே சொன்னேன்.

குசினியில் கேத்தில் கொதித்து ஓய்ந்தது. மற்றப் பெடியன் தேத்தண்ணியோடு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

தம்பி எழும்பினார். ஜக்கெற்றின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழட்டினார், உள்ளே ஆள் இருப்பது போல, மெதுவாக. கொழுக்கியிலிருந்து எடுத்து, தோள் இரண்டையும் பிடித்து, யாரோ கை நுழைப்பதற்கு நீட்டிப் பிடிப்பது போலக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கதவடிக்குப் போய், தன்னுடைய ஜக்கெற் தொங்கிய கொழுக்கியிலேயே, அதற்கு மேலே அதைக் கொழுவினார். திரும்பி வந்து ஹீற்றரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்து நின்றார். குழாய்க்குள் தண்ணீர் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. அவர் எங்களைப் பார்த்து "இருங்கோ" என்றார். சப்பாத்தைக் கழட்டாமல் கட்டிலில் சரிந்து, சுவர்ப் பக்கம் ஒதுங்கி, வெளிப்பக்கத்தில் ஓராளுக்கு இடம் விட்டு, வந்த விருந்தாளிகளுக்கு முன்னாலேயே நித்திரையாகிப் போனார்.